கொளுத்திவிடச் சொன்ன கடிதங்கள்

பாஸ்டன் நகரத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் மூன்றே மூன்று கேள்விதான் கேட்கிறார்கள். பனி எப்படி? பேத்தி யார் ஜாடை? அங்கே முருங்கைக்காய் கிடைக்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. "அங்கே என்ன பார்த்தாய்?" என்று யாராவது ஒருவர் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே, நீங்கள் கேட்டதாக நானே வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

பாயில்ஸ்டன் தெருவில் 1154-ம் எண்ணுள்ள கட்டடம் ஒன்றைப் பார்த்தேன். மாஸச்சூஸெட்ஸ் சரித்திர சங்கம் என்று பெயர். சரித்திர சங்கம் என்றதும், தாடி வைத்த நாலு பெரியவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எந்த ராஜா எந்த வருஷம் செத்தான் என்று சண்டை போடும் இடம் என்றுதான் நான் நினைத்தேன். என் பெண்தான், "அம்மா, நீ டி.வி.யில் யாரோ மாமியார் படுத்துகிறாள் என்று அழுவதைவிட அங்கே போய் நிஜமான குடும்பக் கதைகளைப் படித்துவிட்டு அழலாம். காசு கூடக் கிடையாது" என்று சொல்லி, ஒரு நாள் காலையில் கொண்டு போய் விட்டாள்.

காசு கிடையாது என்பது வாஸ்தவம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கலாம். ஆனால் ஆசாரம் மிகவும் பலம்! கைப்பையை வெளியே அலமாரியில் பூட்டிவிட வேண்டும். பேனா உதவாது, பென்சில்தான். காகிதக் கட்டுகளில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிரிக்கலாம். வரிசை கலையக் கூடாது. பூஜை அறைக்குள் மடிசஞ்சியான பாட்டி வைத்திருக்கும் சட்டதிட்டங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. பாட்டியின் மடிக்குக் காரணம் கேட்டால் அடி விழும். இங்கே கேட்டேன், மேஜையருகே இருந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். பேனா மை ஒரு சொட்டு விழுந்தால் 200 வருஷத்துக் காகிதம் பாழ். பென்சில் கோடு விழுந்தால் அழித்துவிடலாம். எவ்வளவு எளிய நியாயம், பாருங்கள்!

இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் ஜெரமி பெல்க்னாப் என்ற பாதிரியார். வருஷம் 1791. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்களில் இதுதான் முதலாவது. அவருக்கு முந்தைய காலத்தில் காகிதங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1765-ம் வருஷம் பாஸ்டனில் வரிக் கலகம் மூண்டபோது, தாமஸ் ஹட்சின்ஸன் என்ற அதிகாரியின் வீட்டைக் கும்பல் சூறையாடியது. நாற்காலி மேஜை போனால் போகிறது. அவர் எழுதிக் கொண்டிருந்த நாட்டுச் சரித்திரத்தின் கையெழுத்துப் பிரதியையும் தெருச் சேற்றில் வீசிவிட்டார்கள். அதை ஒருவர் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததால் பெரும்பகுதி பிழைத்தது. இம்மாதிரி அமளிகள் நடந்த ஊரில் வளர்ந்த பெல்க்னாப்புக்கு, பழைய காகிதம் தானாகத் தேடிக்கொண்டு வரும் என்று உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓநாய் இரை தேடுவது போல அலைந்து திரிந்து பிடிக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. பாதிரியார் சொல்லக்கூடிய உபமானமா இது என்று கேட்காதீர்கள். கிடைத்ததைப் பூட்டி வைப்பதோடு அவர் நிற்கவில்லை. அச்சிட்டுப் பல பிரதிகள் ஆக்கிவிட்டால் நெருப்பும் வெள்ளமும் என்ன செய்யும் என்று, மறு வருஷமே, 1792-ல், அச்சிடத் தொடங்கிவிட்டார். அதையும் முதலில் ஒரு வாரப் பத்திரிகையில்தான் போட்டார்கள். வாரப் பத்திரிகை என்றால் ஏளனமாகப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க!

நிற்க. நான் சொல்ல வந்தது பெல்க்னாப்பைப் பற்றி அல்ல, அபிகெயில் என்ற அம்மாளைப் பற்றி.

அபிகெயில் 1744-ல் பிறந்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டிலே படித்ததுதான். ஜான் ஆடம்ஸ் என்ற வக்கீலை 1764-ல் மணந்தாள். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனார். அவர்களுடைய மகன் ஆறாவது ஜனாதிபதி ஆனான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கடிதங்களில் ஜனாதிபதி மனைவியைக் காணோம். புருஷன் ஊர் ஊராகத் தேசத் தொண்டு செய்து கொண்டிருக்க, குழந்தைகளையும் வயல்காட்டையும் பசுமாட்டையும் தனியாகக் கட்டி மேய்த்த ஒரு சம்சாரியைத்தான் காண்கிறோம். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1,100-க்கும் மேல் இந்தச் சங்கத்தில் இருக்கின்றன. ஆடம்ஸ் குடும்பத்தார் தங்கள் காகிதங்கள் அத்தனையையும் 1956-ல் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மூலக் கடிதங்களை என்னைப் போன்றவர்கள் கையில் தருவதில்லை; தேவையும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அவள் கையெழுத்தும் பக்கத்திலேயே அச்செழுத்துமாக, வீட்டிலிருந்தபடியே யாரும் படிக்கலாம்.

1775-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி பங்கர் குன்றில் யுத்தம். பீரங்கிச் சத்தம் கேட்டு, ஏழு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி, எரிகிற ஊரைப் பார்க்கிறாள். அதே மாதம் புருஷனுக்கு எழுதிய கடிதத்தில் என்ன கேட்கிறாள், தெரியுமா? குண்டூசி! இங்கே குண்டூசிக்கு ஒரே பஞ்சம். ஏழரை ஷில்லிங் விற்ற கட்டு இருபது ஷில்லிங் கொடுத்தாலும் அகப்படவில்லை. ஒரு கட்டில் ஆறாயிரம் இருக்கும். அங்கிருந்து வாங்கி அனுப்புங்கள் என்கிறாள். தேசம் பிறக்கிறதா, சாகிறதா என்ற சமயம். குண்டூசி இல்லாவிட்டால் வீடு நடக்குமா? எந்தச் சரித்திரப் புத்தகத்தில் இது வரும்? இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த அம்மாள் உறவாகிவிட்டாள்.

1776 மார்ச் 31-ந் தேதிக் கடிதம்தான் அவளுடைய கடிதங்களில் பிரசித்தமானது. புதுச் சட்டங்கள் எழுதப் போகிறீர்களே, பெண்களையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். புருஷர்கள் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று எழுதுகிறாள். அவருடைய பதில் ஏப்ரல் 14-ந் தேதி வருகிறது. சிரிப்பு வருகிறது என்கிறார்! அவர் நல்ல மனுஷர்தான். மனைவியிடம் உயிரையே வைத்திருந்தவர். இருந்தாலும் சிரித்துவிட்டார். எத்தனையோ வீடுகளில் கேட்ட சிரிப்பு அது. சட்டங்கள் அவர்கள் இஷ்டப்படிதான் ஆயின.

இன்னொரு கடிதத்தை நான் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? 1777 ஜூலை மாதம். அபிகெயில் நிறைமாத கர்ப்பிணி. ஜான் பிலடெல்பியாவில் இருக்கிறார். ஒரு நாள் இரவு உடம்பு நடுங்கிப் போட்டதிலிருந்து, வயிற்றில் குழந்தை உயிரோடு இல்லையோ என்று அவளுக்குப் பயம். மறுநாள், வலி விட்டு விட்டு வரும்போது, நடுநடுவே எழுதுகிறாள். தப்பி ஓட முடியாததைத் தாங்கிக்கொள்வதற்காகப் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதி, வைத்துவிட்டு, வலி தணிந்ததும் மறுபடியும் எடுத்து எழுதுகிறாள். பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. எலிஸபெத் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அது காகிதம் பிழைத்ததால்தான்.

இந்தக் கடிதங்களையெல்லாம் எரித்துவிடுங்கள் என்று அபிகெயிலே எழுதினாள். எழுத்துப் பிழை, கிறுக்கல் கையெழுத்து, யாராவது பார்த்தால் வெட்கக்கேடு என்று அவளுக்கு எண்ணம். ஜான் என்ன பதில் எழுதினார் தெரியுமோ? எரிக்க வேண்டுமானால் முதலில் உன்னை மறக்கவேண்டும் என்று எழுதிவிட்டார். 1776 ஏப்ரல் 28. அவர் சிரித்த சிரிப்பை இதற்காக மன்னித்துவிட்டேன்.

அதே குடும்பத்தில் நூறு வருஷத்துக்குப் பிறகு மருமகளாக வந்தவள் மேரியன். வீட்டிலே க்ளோவர் என்று கூப்பிடுவார்கள். 1843-ல் பாஸ்டனில் பிறந்தாள். ஐந்து வயதில் தாயை இழந்தாள். கண் வைத்தியரான தகப்பனார்தான் வளர்த்தார். 1872-ல் ஜான் ஆடம்ஸின் கொள்ளுப்பேரனான ஹென்றி ஆடம்ஸை மணந்துகொண்டாள்; பிற்பாடு வாஷிங்டனுக்குப் போனாள். குழந்தை இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தகப்பனாருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதுவாள். யார் விருந்துக்கு வந்தார்கள், யார் எப்படி அசடு வழிந்தார்கள் என்று எழுதுவதில் கெட்டிக்காரி!

1883-ல் அவளுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்துக் காமிரா, கண்ணாடித் தகடு, இருட்டறை, ரசாயனம் எல்லாம் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில், இன்ன நாள், இன்னார் படம், வெளிச்சம் எப்படி, எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வாள். சமையல் குறிப்பு எழுதி வைத்து, 'உப்பு ஒரு கல் தூக்கல்' என்று ஓரத்தில் எழுதுவோமே, அந்த மாதிரி. அந்தப் படங்களை ஒட்டிய ஆல்பங்களும் சங்கத்தில் இருக்கின்றன. மேஜைமேல் தேநீர்க் கோப்பைகளை வைத்து, மூன்று நாய்களை நாற்காலிகளில் உட்கார்த்தி வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். குதிரை வண்டியில் தகப்பனார். வராந்தாவில் மாமனார் மாமியார். அந்த மாமனார்தான், பாட்டியான அபிகெயிலின் கடிதங்களை முதன் முதலாக 1840-ல் புத்தகமாகப் போட்டவர். எரிக்கச் சொன்ன கடிதங்களை அச்சிட்டவரை, மருமகள் படம் பிடித்திருக்கிறாள்!

அவள் எடுத்த ஒரு பெரியவரின் படத்தைப் பார்த்துவிட்டு, பிரபலமான பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் அதை வெளியிட விரும்பிக் கேட்டார். ஹென்றி வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவளைக் கேட்டாரா, கேட்டு அவளும் சரியென்றாளா? அந்த இடத்தில் நான் திரையை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கொண்டிருந்தேன்.

1885 ஏப்ரலில் தகப்பனார் காலமானார். க்ளோவருக்கு மனசு தேறவே இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 6-ந் தேதி அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வயது 42. ஹென்றி தம்முடைய நாட்குறிப்புகளை அழித்துவிட்டார். பிற்பாடு உலகமே புகழ்ந்த ஒரு சுயசரித்திரம் எழுதினார். அதில் இருபது வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். மனைவி என்று ஒருத்தி இருந்ததாகவே அதில் ஒரு வார்த்தை கிடையாது. துக்கம்தான் காரணம் என்கிறார்கள், இருக்கலாம். துக்கம் பேசாமல் இருந்தாலும், நாய்கள் இன்னும் தேநீர் மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாரையும் படம் எடுத்தவளுக்குத் தன் முகம் தெரிகிற படம்தான் அருமையாயிருக்கிறது. 1869-ல், கல்யாணத்துக்கு முன், குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. தொப்பி நிழலில் முகம் மறைந்துவிடுகிறது. 2012-ல் சங்கம் அவளுடைய படங்களை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தியது.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்தார்கள், சரி, தெரியாதவர்கள்? இந்தக் கேள்வி உங்களுக்கும் தோன்றியிருக்கும். அதே சங்கத்தில் ஒரு சிறு தந்தத் தகட்டில் வரைந்த படம் இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, நீல உடை, கழுத்தில் பொன்மணி மாலை. நேராக நம்மைப் பார்க்கும் ஒரு நீக்ரோ அம்மாள். எலிஸபெத் ஃப்ரீமன். அடிமையாக இருந்தவள், எழுதப் படிக்கத் தெரியாது. எல்லா மனிதரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று மாஸச்சூஸெட்ஸின் புதுச் சட்டம் சொல்கிறதாமே, அப்படியானால் நான் மட்டும் எப்படி அடிமை என்று கேட்டு, 1781-ல் கோர்ட்டில் வழக்காடி ஜெயித்தாள். அந்தப் படம் 1811-ல், அவளுக்காக வாதாடிய வக்கீலின் மருமகள் வரைந்தது. படத்திலே இருக்கும் பொன்மணிகளும் அங்கேயே இருக்கின்றன. பிற்பாடு யாரோ அவற்றைக் கைவளையாகக் கோத்துவிட்டார்கள். அவள் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. 1,100 கடிதம் ஒருத்திக்கு; மணி ஒரு சரம் இன்னொருத்திக்கு. அந்தச் சரமாவது தங்கியதே!

இத்தனையும் நான் ஏன் உங்களிடம் வளர்த்துகிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது.

அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். நாக்பூர், பிலாஸ்பூர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அம்மா கும்பகோணத்தில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். வாரம் ஒரு நீல இன்லண்டு கடிதம் போகும். அப்பா, ரயில்வே குமாஸ்தாவுக்கே உரிய ஒழுங்கோடு, வருஷவாரியாகச் சணல் கயிற்றால் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். "அதையெல்லாம் கொளுத்தித் தொலையுங்களேன், நாளைக்கு மருமகள் கண்ணில் பட்டால் என் மானம் போகும்" என்று அம்மா சொல்வாள். "ஆகட்டும், ஆகட்டும்" என்பார் அப்பா. ஆகவே இல்லை. அப்பா போனபின் அம்மா பெட்டியைத் தொடவுமில்லை, கொளுத்தவுமில்லை. ஆனால் கடைசி வருஷத்தில் அண்ணாவையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பிரிக்காமலே நெருப்பில் போட்டுவிடுங்கள்" என்று சொன்னாள்.

அம்மா வார்த்தைக்கு அப்பீல் இல்லை என்பது அண்ணாவின் அபிப்பிராயம். என் பெண் பாஸ்டனிலிருந்து வேறு நியாயம் பேசுகிறாள். "கடிதம் எழுதினவருடையதா, பெற்றுக்கொண்டவருடையதா? தாத்தா அல்லவா சொந்தக்காரர்? அவர் கொளுத்தவில்லையே!" என்கிறாள். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்! மன்னி மட்டும், "அம்மா என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் எனக்குச் சொல்லவே வேண்டாம்" என்று சிரித்தாள். மன்னி வந்தபோது கடிதம் எழுதும் காலமே முடிந்து, அப்பா ரிடையராகி ஊருக்கு வந்தாகிவிட்டது.

மேலே தனியாகக் கிடந்த ஒரு கடிதத்தை மாத்திரம் படித்தேன். மாமியாருக்கு மூட்டுவலி, பசு கன்று போட்டது, எல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இடமில்லாமல் பக்கவாட்டில் ஒரு வரி: வரும்போது ஸ்டவ் பின் ஒரு டஜன் வாங்கி வரவும், இங்கே கிடைக்கிறது ஒடிந்து ஒடிந்து போகிறது. எனக்குக் குண்டூசிக் கட்டு ஞாபகம் வந்தது. பெட்டியை மூடிவிட்டேன்.

ஸ்டவ் பின்னுக்காக அம்மா கொளுத்தச் சொல்லியிருக்க மாட்டாள். பெட்டியின் அடியில், பழுப்புக் கவரில் ஒரு படம் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. தூணும் திரையும் வரைந்த சீலைக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நிஜாரோடு நான்கு வயது அண்ணா. அம்மா மடியில் ஒரு கைக்குழந்தை. காலில் தண்டை, கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் 1957 என்ற வருஷமும். நான் பிறந்தது 1959-ல்.

அண்ணாவுக்குப் படத்தை அனுப்பினேன். "பக்கத்து வீட்டுக் குழந்தையாயிருக்கும்" என்றான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தண்டை போட்டு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா? சொல்லக்கூடியவர்கள் யாரும் இன்று இல்லை. அத்தை போய்ப் பத்து வருஷம் ஆகிறது. 1957-ம் வருஷத்துக் கட்டு, சணல் அவிழாமல், எனக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. பதில் அதற்குள் இருக்கிறது. 'பிரிக்காதே' என்ற வார்த்தையும் இருக்கிறது.

இதற்கிடையில் மற்ற படங்களுக்கு நான் ஒரு காரியம் செய்து வருகிறேன். உங்களுக்கும் உபயோகப்படலாம். பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வயதானவர்கள் இருக்கும்போதே, யார் யார் என்று கேட்டு, பின்பக்கத்து ஓரத்தில் மிருதுவான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும், அழுத்தினால் தடம் விழும். பிளாஸ்டிக் டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்றுவிடும். சமையலறைப் பரணும் குளியலறைச் சுவரோரமும் உதவாது. உஷ்ணமும் ஈரமும் சத்துரு. 'அம்மா', 'மாமா' என்று எழுதிப் பயனில்லை. நாளைக்குப் படிப்பவருக்கு அது யாருடைய அம்மா என்று தெரிய வேண்டாமா? முழுப் பெயர் எழுதுங்கள்.

அண்ணா நேற்று இரவு டெலிபோன் செய்தான். அவனுக்கும் தூக்கமில்லையாம். "ஏதோ தொட்டில் ஆடின மாதிரி ஞாபகம் இருக்கிறது. அது உன் தொட்டில் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "பொங்கலுக்கு வருகிறேன். 1957 மட்டும். நானும் நீயும் மட்டும். மற்றதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்" என்றான்.

அந்தப் படத்தின் பின்னால் அம்மா பெயரையும் அண்ணா பெயரையும் பென்சிலால் எழுதி, மூன்றாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.